இன்னும் விழாத தோட்டா

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்த கண்ணாடிக்காரர், ஒரு செருப்பைக் கழற்றியவர் மறுசெருப்போடு அப்படியே நின்றுவிட்டார். கூடத்தை இரண்டாகப் பிரிக்கும் பலகைத் தடுப்பில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு கறுப்புப் பொட்டு ஒட்டியிருந்தது.

"அளவு சரியா இருக்காப்பா?" என்று உள்ளே இருந்து மகள் குரல் கொடுத்தாள். "நாளைக்குப் பிஸ்டலை வீட்டுக்குக் கொண்டு வரேன். தேர்வுப் போட்டிக்கு இன்னும் மூணு வாரம்தான் இருக்கு. துப்பாக்கி கிளப்புக்குப் போயிட்டு வரவே மூணு மணி நேரம் போயிடுது. வீட்டுலயே வெறும் பயிற்சி பண்ணிக்கலாம்னு பார்த்தேன்."

அவர் "ம்" என்றார். வேறு எதையாவது சொல்லித் தொலைத்திருக்க வேண்டிய இடங்களில் எல்லாம் பதினாறு வருடமாக அவர் வாயில் இந்த "ம்" தான் வந்துகொண்டிருக்கிறது.

வெறும் பயிற்சி என்றால் இதுதான். துப்பாக்கியில் தோட்டா இல்லை என்று பார்த்துக்கொண்டு, சுவரில் ஒரு பொட்டை ஒட்டி, அதைக் குறிவைத்து விசையை இழுப்பது. 'டிக்' என்று ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். கை நடுங்குகிறதா, மூச்சு எங்கே நிற்கிறது, விரல் எங்கே அவசரப்படுகிறது என்பதெல்லாம் அந்த 'டிக்'கில் தெரிந்துவிடும். இலக்குச் சுடுதலில் ஈடுபட்டவர்கள் வீட்டுக்கு வீடு செய்கிற காரியம். ஆனால் பொட்டு ஒட்டியிருந்த பலகைக்கு அந்தப் பக்கம் அவள் மகள், அவருடைய பேத்தி, அஞ்சு வயசு, மேஜையில் உட்கார்ந்து வர்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை கப்பலில் வேலைக்குப் போயிருந்ததால் தாயும் மகளும் நான்கு மாதத்துக்கு இங்கே வந்து தங்கியிருந்தார்கள். பேத்திக்குக் கொடுத்தது அம்மாவின் பழைய அறை. மேஜையும் அம்மாவின் பழைய மேஜைதான்.

கண்ணாடிக்காரரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். எட்டுக்குப் பத்து அடியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை. முன்பக்கம் சட்டங்கள் தொங்கும், பின்பக்கம் லென்ஸ் தேய்க்கும் இயந்திரம் ஓடும். விளிம்பு கால் மில்லிமீட்டர் அதிகம் போனாலும் லென்ஸ் சட்டத்தில் உட்காராது. அச்சு இரண்டு டிகிரி நகர்ந்தால் போட்டவருக்குத் தலைவலி. இதற்காகவே பிறந்தவர் மாதிரி இருப்பார். முப்பத்திரண்டு வயதில், சுடுவதற்கென்று தனிக் கண்ணாடி கேட்டு வந்த ஒரு வாடிக்கையாளர் கிளப்புக்கு அழைத்துப்போனார். போன முதல் நாளே மனுஷன் அந்த விளையாட்டில் விழுந்துவிட்டார். வேட்டை, வீரம், மீசை முறுக்கல் எதுவும் அவருக்கு ஆகாது. ஒரு காகிதம், ஒரு கறுப்பு வட்டம், அதன் நடுவில் ஒரு ஓட்டை. உலகத்தில் இதைவிட நிம்மதியான பொழுதுபோக்கு கிடையாது என்பார்.

கிளப்பில் அவருக்கு 'டபுள்செக்' என்று பட்டப்பெயர். சுடுதளத்தில் சிவப்புத் தொப்பி போட்டுக்கொண்டு விசிலும் கையுமாக நிற்கும் பாதுகாப்பு அதிகாரி அவர்தான். யார் துப்பாக்கியைக் கீழே வைத்தாலும் "காலியா?" என்பார். காலி என்று சொன்னால் போதாது, குழலைத் திறந்து காட்ட வேண்டும். காட்டினாலும் போதாது, பக்கத்தில் நிற்பவரும் எட்டிப் பார்க்க வேண்டும். "கல்யாணத்தன்னைக்குப் பொண்ணையும் ரெண்டு தடவை சரிபார்த்துட்டுத்தான் தாலி கட்டியிருப்பாரு" என்று கேலி செய்வார்கள். அவர் சிரிக்கமாட்டார், திரும்பவும் குழலைப் பார்ப்பார்.

துப்பாக்கி வைத்துக்கொள்ளலாமா கூடாதா என்று யாராவது வாய்ச்சண்டை போட்டால் அவர் சொல்வது ஒன்றுதான். "கும்பிடவும் வேணாம், கொளுத்தவும் வேணாம். பூட்டி வைக்கணும்." இது அவருடைய கருத்து என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அதற்குள் ஒரு பிரேதம் போல என்ன கிடந்தது என்பது ஒருவருக்கும் தெரியாது.

பதினாறு வருடத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை மத்தியானம். மறுநாள் போட்டி. அவருக்கோ கணுக்கால் சுளுக்கு. நிற்க முடியாததால் நாற்காலியில் உட்கார்ந்தபடியே அறுபது தடவை 'டிக்' அடித்து முடித்தார். முடித்ததும் பொட்டைக் கிழித்துவிட வேண்டும் என்பது அவரே வகுத்துக்கொண்ட சட்டம். கிழிக்கக் கையைத் தூக்கியபோது போன் அடித்தது. புதுக் கண்ணாடி போட்டதிலிருந்து படி இரண்டாகத் தெரிகிறது என்று ஒரு வாடிக்கையாளர் கத்தினார். இவர் ஒரு காதில் அதைக் கேட்டுக்கொண்டே, காலையில் நேரம் மிச்சமாகுமே என்று தோட்டாக்களைப் போட்டுத் துப்பாக்கியைத் தயார் செய்தார். சுடுதளத்துக்கு வெளியே ஒருநாளும் செய்யாத காரியம். கெட்ட நேரம் வந்தால் கெட்டிக்காரனும் முட்டாள்தான். போனை வைத்துவிட்டு, அந்த எரிச்சலோடு திரும்பினார். பலகையில் பொட்டு அப்படியே இருந்தது. "இன்னும் ஒண்ணே ஒண்ணு," என்று தனக்குள் சொல்லிக்கொண்டு உட்கார்ந்தார்.

'டிக்' வரவில்லை.

காதில் ரீங்காரம். பொட்டு இருந்த இடத்தில் ஒரு ஓட்டை. தடுப்புக்கு இரண்டு பக்கமும் பலகை, நடுவில் வெறும் காற்று. அதற்கப்பால் பதினொரு வயது மகள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருக்கிறாள். உட்கார்ந்தவன் சுட்டால் தோட்டா உட்கார்ந்திருப்பவர் தலைக்குத்தான் போகும். எவ்வளவு நேரம் அப்படியே கிடந்தார் என்பது அவருக்கே தெரியாது. ஒற்றைக்காலில் தத்தித்தத்தி நடைவழியைச் சுற்றிக்கொண்டு போனபோது அறை காலியாக இருந்தது. சமையலறை வாசலில் மகள் தண்ணீர் டம்ளரோடு நின்றாள்.

"என்னப்பா சத்தம்?"

"பல்பு வெடிச்சிடுச்சும்மா."

குழந்தை நம்பிவிட்டது. கீழ்வீட்டுக்காரர்கள் தெருவில் டயர் வெடித்ததாகத் தாங்களே முடிவு செய்துகொண்டார்கள். ஆனால் வேலை முடிந்து வந்த மனைவி, "எந்த பல்பு? எல்லாம் எரியுதே?" என்று கேட்டாள். இவர் குளியலறைக்குப் போய், நன்றாக எரிந்துகொண்டிருந்த ஒரு பல்பைக் கழற்றி, துண்டில் சுற்றி உடைத்து, அந்தக் கண்ணாடித் துண்டுகளைக் கொண்டுவந்து காட்டினார். அதற்கு முன்பே இரண்டு பக்கத்து ஓட்டையையும் மக்கு வைத்து அடைத்து, மீதியிருந்த பெயின்ட்டைத் தடவி முடித்திருந்தார். போட்டிக்குப் போகவில்லை. அந்த வாரமே துப்பாக்கியைக் கிளப்புப் பெட்டகத்தில் வைத்துவிட்டார். கேட்டவர்களிடம் முதுகுவலி, தூக்கிக்கொண்டு அலைய முடியவில்லை என்றார்.

மகள் தண்ணீர் குடிக்கப் போயிருந்தாள். இந்த ஒரு நினைப்பைப் பிடித்துக்கொண்டுதான் அவர் தூங்கினார், எழுந்தார், லென்ஸ் தேய்த்தார். ஆனால் தோட்டா? அறையில் அவர் தேடாத இடமில்லை. மெத்தையைப் பிரித்தார், புத்தகங்களை உதறினார், ஜன்னல் சட்டத்தை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். எங்கும் இல்லை. அன்று ஜன்னல் திறந்திருந்தது. வெளியே தெரு, பேருந்து நிறுத்தம், எதிரே மூன்று மாடிக் கட்டிடம். அப்படியென்றால் அது வெளியே போயிருக்கிறது. போன தோட்டா எங்கேயாவது விழுந்துதானே ஆகவேண்டும்? ஒரு மாதம் செய்தித்தாளை வரி விடாமல் படித்தார். எதுவும் வரவில்லை. வராதது நிம்மதியாக இருக்க வேண்டும், இல்லையா? அவருக்கு இல்லை. விழுந்த இடம் தெரியாத வரைக்கும் அது இன்னும் போய்க்கொண்டிருப்பது போலவே இருந்தது. தெருவில் யாராவது நொண்டினால் பின்னாலேயே நடப்பார். எதிர்வீட்டில் ஒரு பெரியவர் சில நாட்கள் கண்ணில் படாவிட்டால் இவருக்குச் சோறு இறங்காது.

சுடுதளத்தில் தொலைவிலிருக்கும் காகிதத்தின் ஓட்டையைப் பார்க்க ஒரு தொலைநோக்கி வைத்திருப்பார்கள். அதை வைத்துக்கொண்டு எதிர்க்கட்டிடத்துச் சுவரை அங்குலம் அங்குலமாகப் பார்க்க ஆரம்பித்தார். காரை பெயர்ந்திருக்கிறதா, கண்ணாடி மாற்றியிருக்கிறார்களா என்று. ஒருநாள் எதிர்வீட்டு அம்மாள் நேரே படியேறி வந்து மனைவியிடம், "உங்க வீட்டுக்காரர் எங்க பால்கனியையே பாத்துக்கிட்டு இருக்காரு, கொஞ்சம் சொல்லி வைங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். மனைவி எட்டு நாள் பேசவில்லை. ஒன்பதாம் நாள், "இந்த வயசுல உங்களுக்கு இது தேவையா?" என்று மட்டும் கேட்டாள். அதற்கும் அவர் "ம்" என்றார். அந்தக் கெட்ட பெயரை மாலை மாதிரி வாங்கிப் போட்டுக்கொண்டார். உண்மையைவிட அது லேசாக இருந்தது.

இதைவிட மோசமான ஒன்றும் உண்டு. அந்தச் சம்பவம் நடந்த மூன்றாம் மாதம் கிளப்பில் சிவப்பு நோட்டு ஒன்றை ஆரம்பித்தவர் அவரே. யார் கையிலிருந்தாவது நினையாமல் தோட்டா பாய்ந்தால் அதில் எழுத வேண்டும்: பெயர், தேதி, தோட்டா விழுந்த இடம், சாட்சிக் கையெழுத்து. இரண்டு வருடம் சுடக்கூடாது. முதலில் மாட்டியவர் பேக்கரிக்காரர். அவர் கையிலிருந்து வெடித்த தோட்டா தரையில் ஒரு சாண் தூரத்தில் புதைந்தது, அவ்வளவுதான். "தெரியாம நடந்துடுச்சு சார், ஒரு தடவை மன்னிச்சு விட்டுடுங்க" என்று அந்த மனுஷன் கெஞ்சினார். டபுள்செக் பேனாவை நீட்டினார். பேக்கரிக்காரர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனவர்தான், திரும்பி வரவே இல்லை. அந்தக் கடைப் பக்கம் போக வேண்டியிருந்தால் இவர் அடுத்த தெரு வழியாகச் சுற்றிப் போவார். ஊரைத் திருத்தப் போனவருக்குத் தன் முதுகு தெரியவில்லை என்று சொல்லலாம். தெரிந்தது, அதுதான் வேதனை.

இப்போது கிளப்பில் ஒரு விவாதம். எல்லாத் துப்பாக்கியும் கிளப்புப் பெட்டகத்தில்தான் இருக்க வேண்டும் என்று செயலாளர் தீர்மானம் கொண்டுவந்திருந்தார். தலைவருக்குப் பிடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கிளப் போட்டி முடிந்ததும் கூட்டம். வெள்ளிக்கிழமையன்றே தலைவர் கடைக்கு வந்துவிட்டார்.

"நீங்க எழுந்து நின்னாலே போதும் சார். எட்டு வருஷம் வீட்டுல வச்சிருந்தீங்க, ஒரு கீறல் உண்டா? ஒழுங்கா இருக்கிறவனுக்கு எதுக்கு இந்தப் பூட்டுன்னு நான் கேப்பேன். உங்களைத்தான் காட்டுவேன்."

இவர் லென்ஸைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் பலகையில் பொட்டு.

மகளுக்குச் சுடக் கற்றுக்கொடுக்க அவர் ஒருநாளும் சம்மதிக்கவில்லை. அவள் கல்லூரியில் வேறு ஒருவரிடம் கற்றுக்கொண்டு அப்பாவையே மிஞ்சிவிட்டாள். "எங்கப்பாவைப் பார்த்துத்தான் வந்தேன்" என்று எல்லோரிடமும் சொல்வாள். அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் அவருக்குப் பெருமையும் பயமும் ஒன்றாக வரும். உண்மையைச் சொன்னால் அந்தச் சொல் போய்விடும். சொல்லாவிட்டால், அந்தச் சொல்லை நம்பி அவள் அந்தப் பொட்டின் முன்னால் நிற்பாள். வெள்ளிக்கிழமை ராத்திரி முழுக்க வாய் வரவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் பிஸ்டல் பெட்டியோடு வந்தாள். மனைவி கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். பேத்தி அறையில் வர்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள்.

"காலியா?" என்றார் அவர்.

"காலி. பாருங்க."

பார்த்தார். இன்னொரு தடவையும் பார்த்தார். "தோட்டா?"

"ஒரு பெட்டி பையில இருக்குப்பா. நாளைக்குக் காலையில கிளப் மேட்ச் இருக்கே." சொல்லிக்கொண்டே அவள் நிலையெடுத்து, கையை நீட்டினாள். குழல் பொட்டை நோக்கி எழுந்தது. அந்தப் பக்கம் பேத்தி ஏதோ பாட்டை முனகிக்கொண்டிருந்தாள்.

"நிறுத்தும்மா."

"என்னப்பா? காலிதானே?"

"அன்னைக்கு எனக்கும் காலிதாம்மா."

மகள் கையை இறக்கினாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்து, பொட்டுக்கு ஒரு சாண் கீழே பலகையை நகத்தால் சுரண்ட ஆரம்பித்தார். பெயின்ட் உதிர்ந்தது, மக்கு உதிர்ந்தது. சுரண்டிக்கொண்டே சொன்னார். சுளுக்கு, போன், படி இரண்டாகத் தெரிந்த வாடிக்கையாளர், இன்னும் ஒண்ணே ஒண்ணு, பல்பு, எல்லாம். ஒன்றையும் விடவில்லை. முடிந்ததும், "நீ தண்ணி குடிக்கப் போயிருந்த. அதனாலதான் நான் இன்னைக்கு உயிரோட இருக்கேன்" என்றார்.

மகள் பிஸ்டலைக் கீழே வைத்தாள். பெட்டியிலிருந்து குழல் துடைக்கும் நீளக் கம்பியை எடுத்தாள். அந்தப் பக்கம் போய், மகளின் நாற்காலியை ஓரமாக நகர்த்தி, அந்தப் பலகையிலும் மக்கைத் தேடிச் சுரண்டினாள். பிறகு இங்கே வந்து கம்பியை ஓட்டைக்குள் விட்டாள். இரண்டு ஓட்டை கிடைத்தால் தோட்டா போன வழி கிடைத்துவிடும். சுடுகிறவர்கள் யாருக்கும் இது தெரியும். அவருக்கும் தெரியும். பதினாறு வருடத்தில் ஒருநாள்கூட அவர் அந்தக் கம்பியை விட்டுப் பார்க்கவில்லை. சுவர் சுவராகத் தேடியவருக்கு இதைச் செய்ய மட்டும் நெஞ்சுரம் வரவில்லை.

இருவரும் அறைக்குள் போனார்கள். கம்பியின் முனை பலகையிலிருந்து ஒரு முழம் நீட்டிக்கொண்டிருந்தது. அதன் நேர்கோட்டில் மேஜை, மேஜைக்கு மேல் திறந்த ஜன்னல், அதற்கப்பால் எதிர்க்கட்டிடத்தின் ஓரமும் கொஞ்சம் வானமும். பேத்தி நாற்காலியைப் பழைய இடத்துக்கே இழுத்துப் போட்டுக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். கம்பியின் முனை அவள் பின்னந்தலைக்கு நேரே நின்றது. மகள் அதைப் பிடுங்கப் போவதற்குள் குழந்தையின் பச்சை வர்ணக்கோல் உருண்டு கீழே விழுந்தது. குழந்தை மேஜைக்கு அடியில் குனிந்தது. கம்பிக்கு முன்னால் வெறும் இடம்.

மகள் மேஜைக்கு அடியில் குனிந்திருந்த குழந்தையையே பார்த்தாள்.

"அப்பா, நான் தண்ணி குடிக்கப் போகல."

"என்னம்மா சொல்ற?"

"பென்சில் விழுந்துச்சு. எடுக்கக் குனிஞ்சேன். மேஜைக்கு அடியில இருக்கும்போதுதான் டமால்னு சத்தம். மேல ஏறிப் பார்த்தா நோட்டெல்லாம் மரத்தூள். எனக்கு ஒண்ணும் புரியல. ஊதிவிட்டுட்டு ஓடினேன். வீட்டுப்பாடம் முடிக்காம எழுந்தா திட்டுவீங்களேன்னு டம்ளரைக் கையில எடுத்துக்கிட்டேன்." அவள் கம்பியைப் பிடுங்கி எடுத்தாள். "நீங்க பல்புன்னீங்க. நானும் விட்டுட்டேன்."

அவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். பதினாறு வருடம் பற்றிக்கொண்டிருந்த ஒரே கொம்பும் கையோடு வந்துவிட்டது. தான் சொன்ன பொய்க்கு எதிரே, அவள் கையில் ஒரு டம்ளர் பொய் நின்றிருக்கிறது. வாய்விட்டு அழுதார். பேத்தி வர்ணக்கோலோடு மேலே வந்து, "தாத்தாவுக்கு என்ன ஆச்சு?" என்றாள். இந்தத் தடவை இருவருமே பல்பு என்று சொல்லவில்லை. "தாத்தா ஒரு தப்பு பண்ணிட்டாரு, அதான் அழறாரு" என்றாள் மகள். குழந்தை கொஞ்சம் யோசித்துவிட்டுப் பச்சை வர்ணக்கோலை அவர் கையில் கொடுத்தது.

சாயங்காலம் மனைவியிடமும் சொன்னார். அவள் கேட்டது இதுதான்: "அப்ப நீங்க பால்கனியைப் பாக்கலையா?"

"இல்ல."

"பாவி மனுஷா," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் தலைவர் பெருமையாகக் கையைக் காட்டினார். கண்ணாடிக்காரர் எழுந்து, எல்லாவற்றையும் சொன்னார். பிறகு, "துப்பாக்கியே வேணாம்னு நான் சொல்ல வரல. எனக்கு இதை விட்டா வேற சந்தோஷம் இல்ல. யாருக்கு வீட்டுல பயிற்சி வேணுமோ எடுத்துட்டுப் போங்க. ஆனா தோட்டா ஒண்ணுகூட இந்த வாசலைத் தாண்டக் கூடாது. ஒழுங்கா இருக்கிறவனுக்குத்தான் சார் பூட்டு. ஒழுங்கா இல்லாதவன் தன்னை நம்பமாட்டான். நான் என்னை நம்பினேன்" என்றார். தீர்மானத்தை அப்படியே திருத்தி நிறைவேற்றினார்கள். தலைவர் அவர் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டார்.

அவர் சிவப்புத் தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுச் சிவப்பு நோட்டைத் திறந்தார். முதல் வரியில் பேக்கரிக்காரர் பெயர் இருந்தது. நாளைக்கு முதல் வேலையாக அந்தத் தெரு வழியாகவே போக வேண்டும் என்று நினைத்துக்கொண்டார். தன் பெயரை எழுதினார். பதினாறு வருடத்துக்கு முந்தைய தேதியை எழுதினார். தோட்டா விழுந்த இடம் என்ற கட்டத்தில் பேனா நின்றது, நின்றுகொண்டே இருந்தது. பிறகு 'தெரியாது' என்று எழுதினார்.

சாட்சி என்ற கட்டம் காலியாக இருந்தது. "அதை விட்டுடலாம். யாரும் பாக்கல" என்றார் செயலாளர்.

மகள் அப்பாவின் கையிலிருந்து பேனாவை வாங்கி, குனிந்து, அந்தக் கட்டத்தில் கையெழுத்துப் போட்டாள்.